சுற்றுப்பாதையில் ஆய்வாளருக்கு என்ன வேலை?

பூமிக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில், 2000-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் தேதிக்குப் பிறகு ஆள் இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததில்லை. நிலையத்தின் எடை சுமார் 420 டன். கட்டவும் நடத்தவும் ஆன செலவு 100 பில்லியன் டாலரைத் தாண்டிவிட்டது. அமெரிக்கா மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 பில்லியன் டாலர் கொடுக்கிறது. ஆய்வுக்கூடம் என்று சொல்லித்தான் இவ்வளவு பணமும் வாங்கப்பட்டது. ஆனால் தொடக்க ஆண்டுகளில் மூன்று பேர் அங்கே வசித்தபோது, ஆராய்ச்சிக்கென்று ஒதுக்க முடிந்தது மூவருக்கும் சேர்த்து வாரத்துக்குச் சுமார் 20 மணி நேரம்தான். நிலையத்தைப் பழுதில்லாமல் ஓட்டுவதற்கே இரண்டரை ஆள் வேண்டும் என்பது அன்றைய கணக்கு.

இப்படிப்பட்ட கணக்குகளை வைத்துத்தான், மனிதரை அனுப்பும் திட்டங்களை அறிவியலாளர்களே எதிர்த்தார்கள். பூமியைச் சூழ்ந்த கதிரியக்கப் பட்டைகளைக் கண்டறிந்த ஜேம்ஸ் வான் ஆலன், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஸ்டீவன் வைன்பர்க் போன்ற பெரியவர்கள் அந்த வரிசையில் இருந்தார்கள். ஓர் ஆளை உயிரோடு வைத்திருக்க ஆகும் பணத்தில் எத்தனையோ தானியங்கிக் கலங்களை அனுப்பலாம், அவை தூங்குவதில்லை, உண்பதில்லை, திரும்பி வரவேண்டிய கட்டாயமும் இல்லை என்பது அவர்கள் வாதம். 2035-க்குள் சொந்த விண்வெளி நிலையம் அமைக்க இந்தியா திட்டமிட்டிருப்பதால், இன்று இது நம்முடைய கேள்வியும் ஆகிவிட்டது.

ஐம்பது ஆண்டு அனுபவத்தைப் புரட்டிப் பார்த்தபின் எனக்குப் படுவது இது: மேலே இருப்பவர் எழுதிக்கொடுத்த வரிசைப்படி பொத்தானை அழுத்துபவராக இருக்கும்வரை, எதிர்ப்பாளர்கள் சொல்வதுதான் சரி. அவர் தன் கண்ணால் கவனித்து, தானே முடிவெடுத்து, பழுதானதைத் தன் கையால் சரிசெய்யும் இடங்களில் அந்த வாதம் உடைகிறது. ஆனால் அப்படிச் செய்யத் தேவையான நேரத்தையும் உரிமையையும் அவருக்குக் கொடுக்க, நிலையங்களை நடத்துகிறவர்கள் இன்றும் தயங்குகிறார்கள்.

முதல் விண்வெளி நிலையம் சோவியத் ஒன்றியத்தின் சல்யூட் 1. 1971 ஏப்ரலில் ஏவப்பட்டது. அதில் 23 நாள் வாழ்ந்த மூவரில் ஒருவரான விக்டர் பத்சாயெவ், ஓரியன் தொலைநோக்கியை இயக்கி, வளிமண்டலத்துக்கு வெளியே தொலைநோக்கியைக் கையாண்ட முதல் மனிதர் ஆனார். திரும்பும் வழியில் கலத்திலிருந்த காற்று கசிந்து மூவரும் இறந்தார்கள். இந்த வரலாற்றின் முதல் பக்கமே ஒரு மரணக் குறிப்பு. ஆள் அனுப்புவதை ஆதரித்து எழுதுகிற எவரும் அதை விலக்கிவிட்டு எழுதக் கூடாது.

அறிவியலாளரின் இடம் என்ன என்பது முதன்முதலாக முறையாகச் சோதிக்கப்பட்டது அமெரிக்காவின் ஸ்கைலாப் விண்வெளி நிலையத்தில். 1965-லேயே நாசா ஆறு அறிவியலாளர்களை விண்வெளி வீரர்களாகத் தேர்ந்தெடுத்திருந்தது. அவர்களில் மூவர் ஸ்கைலாபின் மூன்று குழுக்களுக்கு ஒருவராகப் போனார்கள்: மருத்துவர் ஜோசப் கெர்வின், மின்பொறியாளர் ஓவன் கேரியட், சூரிய இயற்பியலில் தோய்ந்த எட்வர்ட் கிப்சன். 1973 மே 14 அன்று கடைசி சாட்டர்ன் 5 ராக்கெட் ஸ்கைலாபைத் தூக்கிச் சென்றது. புறப்பட்ட 63-ஆவது விநாடியில் வெளிக்கவசம் பிய்ந்தது. அதோடு ஒரு சூரியத் தகடு போயிற்று. இன்னொன்று உடைந்த அலுமினியப் பட்டை ஒன்றில் சிக்கி விரியாமல் நின்றது. உள்ளே வெப்பம் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. பதினொரு நாள் கழித்துப் போன முதல் குழு, அறிவியல் கருவிகளுக்கென்று வைத்திருந்த துவாரம் வழியாகக் குடை போன்ற மறைப்பை வெளியே தள்ளி விரித்து நிலையத்தைக் குளிர்வித்தது. ஜூன் 7 அன்று தலைவர் பீட் கான்ராடும் கெர்வினும் வெளியே போய், நீண்ட கம்பின் முனையில் பொருத்திய வெட்டுக்கருவியால் அந்தப் பட்டையை அறுத்துத் தகட்டை விடுவித்தார்கள். ரத்தமும் இதயத் துடிப்பும் பார்க்கப் போன மருத்துவர் முதலில் பார்த்தது கொல்லன் வேலை. அதைச் செய்திராவிட்டால் ஸ்கைலாபில் ஆராய்ச்சியே நடந்திருக்காது.

இரண்டாம் குழு 59 நாள் இருந்தது. வேலை போதவில்லை, இன்னும் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிச் செய்த குழு அது. திட்டமிடுகிறவர்கள் அந்த வேகத்தையே அளவுகோலாக வைத்து மூன்றாம் குழுவின் அட்டவணையைப் போட்டார்கள். ஜெரால்டு கார், வில்லியம் போக், கிப்சன் மூவருக்கும் அதுவே முதல் பயணம். போன அன்றே போக்குக்கு வாந்தி. எடையற்ற நிலையில் கால் ஊன்றவும் பொருளைத் தேடவும் உடல் பழகுவதற்குள், நிமிடக் கணக்கில் கட்டப்பட்ட வேலைகள் அடுக்கடுக்காக வந்தன. ஒவ்வொரு நாளும் தொலைஅச்சுக் கருவி நீளநீளமாகக் கட்டளைத் தாளைத் துப்பியது. ஒரு சோதனையை முடிக்கும் முன்னே அடுத்ததற்கு ஓடவேண்டியிருந்தது, தவறுகள் கூடின. 1973 டிசம்பர் 30 அன்று கார் தரைக் கட்டுப்பாட்டு மையத்தோடு மனம் விட்டுப் பேசினார். சாப்பாட்டு நேரத்திலும் இரவு ஓய்விலும் வேலை வைக்காதீர்கள், நேரம் குறிக்கத் தேவையில்லாத வேலைகளைப் பட்டியலாகக் கொடுங்கள், எப்போது செய்வது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதே சாரம்.

இதைத்தான் பின்னாளில் சிலர் விண்வெளி வேலைநிறுத்தம் என்றும் கலகம் என்றும் எழுதிவிட்டார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. வேலையை நிறுத்தியவர் எவரும் இல்லை. நடந்தது ஓர் ஒழுங்கான பேச்சுவார்த்தை. அதன் விளைவுதான் முக்கியம். பட்டியல் முறை வந்தபின் அந்தக் குழு வேகம் பிடித்து, 84 நாள் முடிவில் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகவே முடித்துக் கொடுத்தது.

கிப்சனின் பெயர் நிலைத்த சம்பவமும் அதற்குப் பிறகுதான். ஸ்கைலாபின் சூரியத் தொலைநோக்கிகள் படம் பிடித்தது பிலிம் சுருளில். சுருளை மாற்ற ஒவ்வொரு முறையும் ஒருவர் வெளியே போகவேண்டும். ஆகவே எந்நேரமும் ஓடவிட முடியாது. சூரியனின் மேற்பரப்பில் திடீரென்று வெடித்துக் கிளம்பும் சுடர்வெடிப்பின் பிறப்பைப் பிடிக்கவேண்டும் என்றால், அது பிறப்பதற்கு முன்பே கருவியை முடுக்கியாக வேண்டும். எச்சரிக்கைக் கருவிகள் கூவும்போது முதல் கட்டம் முடிந்திருக்கும். கிப்சன் பலமுறை ஏமாந்தார். கொந்தளிப்பான ஒரு பகுதியைக் குறிவைத்துக் கட்டுப்பாட்டுப் பலகையின் முன் மணிக்கணக்கில் காத்திருந்தார். 1974 ஜனவரி 21 அன்று திரையில் ஒரு புள்ளியின் பிரகாசம் மாறுவதைப் பார்த்ததும், இது வேறு என்று அவர் கண்ணுக்குத் தோன்றியது, முடுக்கினார். ஒரு சுடர்வெடிப்பு தோன்றுவதிலிருந்து தணிவதுவரை விண்வெளியிலிருந்து பதிவானது அதுவே முதல் முறை. இன்று சூரியனைப் பார்க்கும் செயற்கைக்கோள்கள் இடைவிடாமல் எண்முறைப் படம் அனுப்புகின்றன. அந்த வேலைக்கு இனி ஆள் தேவையில்லை. ஆனால் எந்தக் கணத்தில் எது கவனிக்கத் தக்கது என்ற தீர்ப்புக்குப் பயிற்சி பெற்ற கண் என்ன செய்யும் என்பதற்கு அந்த நாள் சான்றாக நிற்கிறது.

இந்தத் துறையில் என்னை மிகவும் பாதித்த கதை டெய்லர் வாங் என்பவருடையது. சீனாவில் பிறந்து அமெரிக்காவில் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர். எதிலும் ஒட்டாமல் காற்றில் மிதக்கும் திரவத் துளியைச் சுழற்றினால் எந்த வேகத்தில் அது உருண்டை வடிவம் இழந்து, நிலக்கடலை போல இரண்டு கதுப்பாக நீளும் என்பது நியூட்டன் காலத்திலிருந்து கணக்காகவே இருந்த கேள்வி. பூமியில் துளியை அப்படி மிதக்கவிட முடியாது. ஒலி அலைகளால் துளியை நடுவில் நிறுத்திச் சுழற்றும் கருவியை வாங் ஆண்டுக்கணக்கில் உழைத்து உருவாக்கினார். 1985 ஏப்ரல் 29 அன்று சேலஞ்சர் விண்ணோடத்தின் ஸ்பேஸ்லாப் 3 பயணத்தில் அந்தக் கருவியோடு அவரே போனார். பயணம் மொத்தம் ஏழு நாள். மேலே போய் இயக்கினால், கருவி உயிர்பெறவில்லை.

பழுது பார்க்க நேரம் ஒதுக்கத் தரையில் தயக்கம் இருந்தது. ஒவ்வொரு மணி நேரமும் வேறு சோதனைகளுக்குப் பங்கிடப்பட்டிருந்தது. பழுது பார்க்கவிடாவிட்டால் நான் திரும்பி வரப்போவதில்லை என்று வாங் சொன்னார். எவ்வளவு மனமுடைந்து போயிருந்தார் என்பதைப் பின்னாளில் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். விண்வெளிக்குப் போன முதல் சீன வம்சாவளியினர் தாம், வெறுங்கையோடு எப்படித் திரும்புவது என்ற பாரம் அவரை அழுத்தியது. அனுமதி கிடைத்தது. கருவி அடுக்குக்குள் தலையும் தோளும் நுழைத்து, கால்கள் வெளியே மிதக்க, கம்பி கம்பியாகத் தேடினார். மின் குறுக்குச்சுற்றைக் கண்டுபிடித்து, அதைச் சுற்றி மாற்று இணைப்பு கொடுத்தார். கருவி இயங்கியது. மீதி நாட்களில் துளி சுழன்றது. இரண்டு கதுப்பாக நீண்டது. தேடிப்போன தரவு கிடைத்தது. வேறொருவர் கையில் இருந்திருந்தால் அந்தச் சோதனை தோல்விப் பட்டியலில் ஒரு வரியாக முடிந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. கருவியின் ஒவ்வொரு கம்பியும் எங்கே போகிறது என்று அதை உருவாக்கியவருக்குத் தெரிந்திருந்தது.

ஆராய்ச்சிக்கென்றே போன இன்னொரு பயணத்தின் முடிவு அனைவருக்கும் தெரியும். 2003 ஜனவரி 16 அன்று கிளம்பிய கொலம்பியாவில் கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர், இரண்டு ஷிஃப்டாகப் பிரிந்து இரவும் பகலும் எண்பதுக்கும் மேற்பட்ட சோதனைகளை நடத்தினார்கள். பிப்ரவரி 1 அன்று திரும்பும்போது விண்ணோடம் சிதறியது. செனான் வாயு தன் மாறுநிலைப் புள்ளியருகே எப்படிப் பாய்கிறது என்று அளந்த சோதனையின் வன்தட்டு சிதைவுகளுக்கிடையே கருகிக் கிடந்தது. வல்லுநர்கள் அதிலிருந்து தரவை ஏறக்குறைய முழுதாக மீட்டார்கள். 2008-இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அந்த எழுவர் செய்த வேலைக்கு அப்படியாவது ஒரு நியாயம் கிடைத்தது.

ரஷ்யாவின் மீர் நிலையத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். மருத்துவர் வலேரி பொல்யாகோவ் 1994 ஜனவரி முதல் 1995 மார்ச் வரை 437 நாள் தொடர்ந்து அங்கே இருந்தார். ஒரே பயணத்தில் அதைவிட நீண்ட காலம் இன்றுவரை யாரும் இருந்ததில்லை. 1997 ஜூன் 25 அன்று சரக்குக் கலம் ஒன்று மோதி ஸ்பெக்டர் பகுதியில் ஓட்டை விழுந்தது. அதில்தான் வானியற்பியலாளர் மைக்கேல் ஃபோலின் சோதனைகளும் சொந்த உடைமைகளும் இருந்தன. கதவை மூடி அத்தனையையும் கைவிட்டார்கள். மின்சாரம் இழந்து நிலையம் கட்டுப்பாடின்றிச் சுழன்றபோது, ஃபோல் சன்னலருகே கட்டைவிரலை நீட்டிப் பிடித்து, நட்சத்திரங்கள் அதைக் கடக்கும் நேரத்தை வைத்துச் சுழலும் வேகத்தை மதிப்பிட்டுத் தரைக்குச் சொன்னார். அந்த மதிப்பீட்டை வைத்தே இயந்திரங்களை இயக்கிச் சுழற்சியை அடக்கினார்கள்.

சர்வதேச நிலையத்தில் ஒரு நாள் எப்படிப் போகிறது? கிரீனிச் நேரப்படி காலை 6 மணிக்கு எழவேண்டும். இரவு ஒன்பதரைக்குப் படுக்கை. காலையும் மாலையும் ஹூஸ்டன், ஹண்ட்ஸ்வில், மாஸ்கோ, மியூனிக் அருகிலுள்ள மையம், ஜப்பானின் சுக்குபா ஆகியவற்றோடு ஆலோசனை. கணினித் திரையில் அன்றைய அட்டவணை; அதன்மேல் தற்போதைய நேரத்தைக் காட்டும் கோடு நகர்ந்துகொண்டே இருக்கும். கோட்டுக்குப் பின்தங்கினால் அன்றைக்கு ஓட்டம்தான். இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம் உடற்பயிற்சி. அதுபோகக் கழிப்பறைப் பம்பு, கரியமில வாயு நீக்கும் கருவி, சிறுநீரைக் குடிநீராக்கும் அமைப்பு, சரக்கை ஏற்றி இறக்குவது, எது எந்தப் பையில் இருக்கிறது என்று தேடுவது. படுக்கைக்கு எட்டரை மணி நேரம் ஒதுக்கியிருந்தாலும் அவர்கள் உண்மையில் தூங்குவது சராசரியாக 6 மணி நேரம் என்றும், நான்கில் மூன்று பேர் தூக்க மாத்திரை எடுத்திருக்கிறார்கள் என்றும் 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆள் எண்ணிக்கை 2009-இல் ஆறாகவும், 2020-க்குப் பிறகு ஏழாகவும் உயர்ந்தபின்தான் ஆராய்ச்சி நேரம் பலமடங்கு கூடியது. நிலையத்தைப் பராமரிக்க ஆகும் உழைப்பு ஏறக்குறைய ஒன்றே. கூடுதலாக வரும் ஒவ்வொருவருடைய நேரமும் பெரும்பாலும் ஆராய்ச்சிக்குப் போகிறது. சிறு நிலையம் கட்ட நினைக்கும் நாடு முதலில் மனத்தில் பதிக்கவேண்டிய கணக்கு இதுதான்.

இந்த ஆய்வுக்கூடத்தில் ஆய்வாளரே ஆய்வுப் பொருளும் ஆகிறார். இயந்திரத்தால் நிரப்ப முடியாத இடம் இது. மறுக்க யாரும் இல்லை. எடையற்ற நிலையில், பயிற்சி போதாவிட்டால், இடுப்பெலும்பு மாதத்துக்கு 1 முதல் 1.5 விழுக்காடு தேய்கிறது. பல ஆண்டுகள் ஓடவும் மிதிக்கவும் செய்தும் இது குறையவில்லை. 2008-இல் கனமான தடையை எதிர்த்துத் தூக்கும் புதிய பயிற்சிக் கருவி போய்ச் சேர்ந்து, உணவும் வைட்டமின் டி-யும் சீராக்கப்பட்ட பிறகுதான் இழப்பு பெருமளவு அடங்கியது. கண் நரம்பு வீங்குவதும் பார்வை மங்குவதும் பல வீரர்களுக்கு இருப்பது 2011-இல் வெளியான ஆய்வோடு முழுதாக வெளிச்சத்துக்கு வந்தது. அதன் காரணம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

கழுத்துச் சிரை பற்றிய ஆய்வு இன்னும் துலக்கமானது. எடையற்ற நிலையில் ரத்தம் தலைப்பக்கம் தேங்குவது தெரிந்ததே. அது எப்படிப் பாய்கிறது என்று பார்க்க, வீரர்கள் தங்கள் கழுத்தில் தாங்களே அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் படம் எடுத்தார்கள். சிலருக்கு ரத்தம் நின்றுவிட்டிருந்தது. சிலருக்குப் பின்னோக்கி ஓடியது. பயணம் தொடங்கி ஏறக்குறைய இரண்டு மாதத்தில் ஒருவருடைய இடது கழுத்துச் சிரையில் ரத்தம் உறைந்து அடைத்திருந்தது. அவருக்கு வலியோ வேறு அறிகுறியோ இல்லை. நிலையத்தில் ஊசி மருந்து கொஞ்சம்தான் இருந்தது. தரையிலிருந்த வல்லுநரின் யோசனைப்படி அதை அளந்து அளந்து போட்டு, அடுத்த சரக்குக் கலத்தில் மாத்திரை வரும்வரை ஓட்டினார்கள். அவர் நலமாகத் திரும்பினார். 2020-இல் இது மருத்துவ இதழில் வெளியானது, பெயர் குறிப்பிடப்படவில்லை. அந்தச் சோதனை மட்டும் இல்லையென்றால், இப்படி ஓர் ஆபத்து உண்டு என்பதே தெரியாமல் செவ்வாய்ப் பயணத்துக்குத் திட்டம் போட்டுக்கொண்டிருப்போம்.

உடலுக்கு வெளியே கிடைத்த பலன்களில் நெருப்பு பற்றியவை எனக்குப் பிடித்தவை. பூமியில் சூடான காற்று மேலே ஏறுவதால்தான் சுடர் கூம்பாக நிற்கிறது. மேலே அந்த ஏற்றம் இல்லை. சுடர் நீலநிற உருண்டையாகிறது. எரிபொருள் துளிகளை எரித்த சோதனையில், சுடர் அணைந்து கண்ணுக்கு எதுவும் தெரியாத பின்னும் துளி சுருங்கிக்கொண்டே போனது. மிகக் குறைந்த வெப்பத்தில் ஒளியில்லாமல் எரியும் குளிர்ச்சுடர் அது என்று 2012-இல் வெளியிட்டார்கள். அணைந்துவிட்டது என்று நினைத்த இடத்தில் கிடைத்த கண்டுபிடிப்பு. கலிபோர்னியாப் பேராசிரியர் ஃபோர்மன் வில்லியம்ஸ் குழு அதைத் தேடிப் போகவில்லை.

டான் பெட்டிட் என்ற வேதிப்பொறியாளர் 2003-இல் தன் ஓய்வு நேரத்தில் செய்ததும் இதே வகை. சர்க்கரை, உப்பு, காப்பித் துகள்களைத் தனித்தனிப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு ஊதிக் குலுக்கினார். சில விநாடிகளில் துகள்கள் கொத்துக் கொத்தாகத் திரண்டன. கோள்கள் உருவாகும் முதல் கட்டத்தில் தூசு எப்படி ஒன்றுசேர்ந்தது என்பது வானியலில் தீராத சிக்கல். நிலைமின்னூட்டம் அந்த வேலையைச் செய்திருக்கலாம் என்ற எண்ணத்துக்கு இந்தப் பை வலு சேர்த்தது. எந்தத் திட்டக் குழுவும் அனுமதித்த சோதனை அல்ல இது; அட்டவணையில் காலியாகக் கிடந்த ஒரு சனிக்கிழமையின் பலன். கேட் ரூபின்ஸ் செய்தது வேறு வகை முன்னேற்றம். வைரஸ் ஆராய்ச்சியிலிருந்து வந்த அவர், 2016 ஆகஸ்டில் விண்வெளியில் முதன்முதலாக டிஎன்ஏ வரிசையைப் படித்தார். அடுத்த ஆண்டு பெக்கி விட்சன், நிலையத்தின் சுவரில் வளர்ந்த கிருமிகளை மேலேயே இனங்கண்டார். அதற்கு முன் மாதிரியைப் பூமிக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எதிர்ப்பாளர் பக்கமும் வலுவானது. புரதப் படிகங்களை எடையற்ற நிலையில் வளர்த்தால் மருந்துத் துறையே மாறிவிடும் என்று 1980-களிலிருந்து சொல்லப்பட்டது. சில நல்ல படிகங்கள் கிடைத்தன. சொன்ன அளவுக்கு எதுவும் மாறவில்லை. அந்த வாக்குறுதி மிகைப்படுத்தப்பட்டது என்பதே என் கருத்து. 2023-இல் வார்டா என்ற அமெரிக்க நிறுவனம் ஆளில்லாச் சிறுகலத்தில் ரிட்டோனவிர் என்ற மருந்தின் படிகத்தை உருவாக்கி, 2024 பிப்ரவரியில் யூட்டா பாலைவனத்தில் இறக்கிக் காட்டிவிட்டது. இந்த வகை வேலைக்கு மனிதர் வேண்டாம்.

மனிதர் இருப்பது சில சோதனைகளுக்கு இடைஞ்சலும்கூட. ஒருவர் ஓட்டப்பொறியில் ஓடினாலும், சுவரில் கைவைத்துத் தள்ளி நகர்ந்தாலும் நிலையம் நுட்பமாக அதிர்கிறது. அணுக்களை ஏறக்குறைய முற்றுக்குளிர் நிலைக்குக் கொண்டுபோகும் குளிர் அணு ஆய்வகம் 2018 முதல் அங்கே இயங்குகிறது. அதைப் பூமியிலிருந்தே இயக்குகிறார்கள், வீரர்கள் தூங்கும் நேரம் அதற்கு உகந்தது. ஆனால் அதே கருவியின் பாகத்தைக் கழற்றி மேம்பட்ட பாகத்தைப் பொருத்தியது விண்வெளி வீரர் கிறிஸ்டினா கோக். இயற்பியலாளர் சாமுவேல் டிங் தலைமையில் 2011-இல் பொருத்தப்பட்ட ஆல்ஃபா காந்த நிறமாலைமானியின் கதையும் அப்படியே. விண்கதிர்களை எண்ணும் அந்தக் கருவி, யாரும் தொடவேண்டியதில்லை என்றே வடிவமைக்கப்பட்டது. பிடித்து நிற்கக் கைப்பிடிகூட இல்லை. குளிரூட்டும் பம்புகள் ஒவ்வொன்றாகச் செத்தபோது, வீரர்கள் லூகா பர்மிட்டானோவும் ஆண்ட்ரூ மார்கனும் 2019 நவம்பர் முதல் 2020 ஜனவரி வரை நான்கு முறை வெளியே போய், இதற்கென்றே செய்த கருவிகளால் மெல்லிய எஃகுக் குழாய்களை வெட்டிப் புது அமைப்பை இணைத்தார்கள். தடித்த கையுறையோடு செய்த வேலை அது. கருவி இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறது.

ஆகவே மனிதரா இயந்திரமா என்று கேட்பதே பிழையான இடத்தில் தொடங்குவது. மேலே இருக்கும் மனிதருக்கு எவ்வளவு முடிவெடுக்கும் இடம் கொடுக்கிறோம் என்று கேட்டால் வழி பிறக்கும். 2015 டிசம்பரில் சர்வதேச நிலையத்தில் விண்வெளி வீரர் ஸ்காட் கெல்லியின் பொறுப்பில் சினியா பூச்செடிகள் வளர்ந்தன. வேரில் நீர் தேங்கி, இலைகளில் துளி கசிந்து, பூஞ்சணம் பிடித்தது. காற்றாடியின் வேகத்தைக் கூட்டியதும் இம்முறை செடிகள் வாட ஆரம்பித்தன. அடுத்த நீர்ப்பாய்ச்சும் நாள் அட்டவணையில் இன்னும் வரவில்லை. செவ்வாய்க்குப் போனால் தண்ணீர் எப்போது ஊற்றுவது என்று நாங்கள்தானே முடிவு செய்வோம் என்று கெல்லி கேட்டார். தரையிலிருந்த தாவரவியலாளர்கள் ஒப்புக்கொண்டு, நீண்ட கட்டளை வரிசைக்குப் பதிலாக ஒரே பக்கத்தில் வளர்ப்புக் குறிப்பு அனுப்பினார்கள். மீதியைப் பார்த்துப் பார்த்து அவரே செய்தார். சில செடிகள் செத்தன. மற்றவை தேறி ஜனவரியில் பூத்தன. கெல்லி போர்விமான ஓட்டி. தாவரவியல் படித்தவர் அல்ல. பட்டத்தைவிட, செடியின் முன்னால் நிற்பவர் சொல்வதைக் கேட்கும் வழக்கமே அங்கே வேலை செய்தது. அதேசமயம் வாங் கதையில் பட்டமும் அனுபவமும்தான் சோதனையைக் காப்பாற்றின. இரண்டும் வேண்டும்.

சீனா இதில் நிதானமாகப் போயிற்று. இருபது ஆண்டு விமானப்படையினரை மட்டும் அனுப்பிவிட்டு, தன் சொந்த நிலையம் முழுமை அடைந்தபின், 2023 மே மாதம் பெய்ஹாங் பல்கலைக்கழகப் பேராசிரியர் குய் ஹைசாவை ஆய்வுக் கருவிகளுக்கான நிபுணராக அனுப்பியது. அதற்கு முந்தைய ஆண்டே அங்கே நெல் விதையிலிருந்து விதைவரை வளர்ந்திருந்தது.

இந்தியாவின் முதல் அடி 1984-இல். ராகேஷ் சர்மா சல்யூட் 7-இல் எட்டு நாள் வரை இருந்து, இந்திய நிலப்பரப்பைப் படம் பிடித்தார்; எடையற்ற நிலையில் உடலைச் சீராக்க யோகா உதவுமா என்றும் சோதித்தார். அடுத்தவருக்கு 41 ஆண்டு காத்திருந்தோம். 2025 ஜூன் 25 அன்று கிளம்பிய சுபான்ஷு சுக்லா, சர்வதேச நிலையத்தில் 18 நாள் தங்கி, இந்திய நிறுவனங்கள் தயாரித்த ஏழு சோதனைகளைச் செய்தார். பச்சைப்பயறும் வெந்தயமும் முளைவிட்டன; தசைச் செல், நுண்பாசி, நீர்க்கரடி எனப்படும் நுண்ணிய விலங்கு ஆகியவை மற்றவற்றில் சில. அந்தப் பயறு தார்வாட் ஆய்வாளர்களுடையது; தசைச் செல் பெங்களூரு ஆய்வாளர்களுடையது. மேலே கை ஒருவருடையது, கேள்வி கீழே இருப்பவர்களுடையது என்ற ஏற்பாடு நமக்கும் இப்போதுதான் பழக்கத்துக்கு வருகிறது.

மனிதரை விண்வெளிக்கு அனுப்பும் இந்தியாவின் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரும் விமானப்படையின் சோதனை விமானிகள். அவர்களில் அஜித் கிருஷ்ணன் சென்னையில் பிறந்தவர். அந்தத் திட்டத்துக்கான ராக்கெட்டின் எஞ்சின்கள் திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் சோதிக்கப்படுகின்றன. புதிய கலத்தின் முதல் பயணங்களுக்கு விமானிகள் போவது சரியான முடிவு. ஆனால் நிலையத்தின் முதல் பகுதியை 2028-இல் ஏவத் திட்டம் இருக்கிறது. ஒருவரைத் தேர்ந்து பயிற்சி கொடுத்து முடிக்கச் சில ஆண்டுகள் ஆகும். கருவியைத் தானே உருவாக்கத் தெரிந்த இயற்பியலாளர், ஒரு செல்லைப் பார்த்ததும் நோய் சொல்லத் தெரிந்த உயிரியலாளர் போன்றவர்களுக்கான தேர்வை இப்போதே அறிவிக்கவேண்டும். இந்திய நிலையத்தில் இடம் குறைவாகவே இருக்கும். தொடக்கத்தில் மூன்று நான்கு பேருக்கு மேல் தங்க முடியாது. அப்படியானால் 2001-இல் சர்வதேச நிலையம் மாட்டிக்கொண்ட அதே 20 மணி நேரக் கணக்கில் நாமும் மாட்டுவோம். பராமரிப்பு வேலைகளில் தரையிலிருந்தே இயக்கக்கூடிய எல்லாவற்றையும் வடிவமைப்புக் கட்டத்திலேயே தரைக்கு மாற்றுவதும், மேலே இருப்பவரின் வார அட்டவணையில் யாரும் தொடக்கூடாத அரை நாளை அவருடைய சொந்தக் கேள்விகளுக்கென்று எழுத்தில் ஒதுக்குவதும் இஸ்ரோ இன்றே செய்யக்கூடியவை. நிலையத்தின் வரைபடங்கள் இறுதியாகிவிட்டால் முதலாவதைச் செய்ய முடியாமல் போகும்.